பின் சீட்டில் மட்டும் வரும் தலைவலி

கேள்வி:

ஐயா, நாங்கள் சிதம்பரத்தில் இருக்கிறோம். எனக்குப் பிறந்த வீடு கடலூர் முதுநகர். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலும் குடும்பத்தோடு அங்கே போய், இருட்டின பிறகு திரும்புவோம். எங்களுடையது 2011 மாடல் பெட்ரோல் வண்டி. ஏழு பேர் உட்காரலாம். என்ஜின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. டிக்கி கதவு மேலே தூக்கித் திறக்கிற மாதிரி. என் வீட்டுக்காரர் ஓட்டுவார், நான் பக்கத்தில் உட்காருவேன். மாமியாரும் பிள்ளைகள் இரண்டு பேரும் பின்னால்.

சில மாதங்களாக மாமியாருக்கு இந்த வண்டியில் ஏறினாலே தலைவலி, குமட்டல். பித்தம் என்று சொல்லி எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வருவார். இறங்கிக் கொஞ்ச நேரம் திண்ணையில் உட்கார்ந்தால் சரியாகிவிடும். சின்னவன் ஆலப்பாக்கம் வருவதற்குள் தூங்கிவிடுகிறான். வீட்டுக்கு வந்து எழுப்பினால் தள்ளாடுகிறான். ஒருமுறை வாந்தியும் எடுத்தான். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் தலை லேசாகக் கனப்பதோடு சரி.

வண்டிக்குள் அவ்வப்போது ஒரு புகை நாற்றம் வருகிறது. சிப்காட் தொழிற்பேட்டை வழியாகப் போகிற ரோடு ஆயிற்றே, அந்த நாற்றம்தான் என்று கண்ணாடியை ஏற்றிவிட்டு, வெளிக்காற்று வராதபடி ஏசியை வைத்துக்கொள்வோம். மெக்கானிக்கிடம் சொன்னேன். "பழைய வண்டின்னா கொஞ்சம் புகை அடிக்கத்தான்க்கா செய்யும், பின்னாடி கண்ணாடியைத் திறந்துவிட்டுட்டு ஓட்டச் சொல்லுங்க" என்றார். புகைச் சோதனையில் வண்டி பாஸ் ஆகியிருக்கிறது. போன மழைக்காலத்தில் ஸ்பீடு பிரேக்கரில் அடிபட்டு சைலன்சர் தொங்கியதை வெல்டிங் கடையில் சரிசெய்துவிட்டோம். அப்போதே ரிவர்ஸ் கேமராவும் வைத்தோம். அதற்குப் பிறகு பெரிய வேலை எதுவும் பார்க்கவில்லை.

கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டரை மாமியார் விரலில் மாட்டிப் பார்த்தேன், 98 காட்டியது. அப்படியானால் பயப்பட ஒன்றும் இல்லைதானே? மெக்கானிக் சொன்னபடி கண்ணாடியைத் திறந்துவைத்தால் போதுமா? இன்னொன்று: ஆருத்ரா தரிசனத்துக்கு வரும் உறவினர்கள் சிலர், வண்டியிலேயே ஏசியைப் போட்டுக்கொண்டு படுத்துவிடுகிறார்கள். அது சரிதானா?

– ஒரு வாசகி, சிதம்பரம்

பதில்:

அம்மா, இதைப் படித்து முடிப்பதற்கு முன்பே ஒரு முடிவு எடுத்துவிடுங்கள். பழுது பார்த்து முடியும்வரை அந்த வண்டியில் மாமியாரையும் பிள்ளைகளையும் ஏற்ற வேண்டாம். சிதம்பரத்திலிருந்து கடலூருக்குப் பஸ் இருக்கிறது. முதுநகர் என்பதால் கடலூர் துறைமுகம் ஸ்டேஷனில் இறங்கினால் ரயிலும் உங்களுக்கு வசதிதான். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்கள் எல்லாம் ஒரே பக்கம் கை காட்டுகின்றன.

வண்டியில் போனால் குமட்டுகிறவர்கள் உண்டுதான். ஏற்காடு, கொல்லிமலை என்று வளைந்து வளைந்து ஏறும் பாதையில் பலருக்கும் தலை சுற்றும். நீங்கள் போவதோ புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் வழியாக மட்டமான சமவெளி ரோடு. அதில் ஒரே வண்டியில் இரண்டு பேருக்கு ஒரே சமயத்தில் தலைவலியும் குமட்டலும் வருகிறது. வெளிக்காற்றில் உட்கார்ந்தால் போய்விடுகிறது. அடுத்த வாரம் அதே வண்டியில் ஏறினால் திரும்ப வருகிறது. இதைப் பித்தத்தின் தலையில் கட்டிவிட முடியாது. வண்டியின் புகை உள்ளே வருகிறது. அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது.

இந்த வாயுவுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை, கண்ணும் எரியாது. பெட்ரோல் முழுதாக எரியாமல் போகும்போது உண்டாகிறது. மூச்சோடு உள்ளே போனால் ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடிக்கும் என்பதால், காற்றில் கொஞ்சமே இருந்தாலும் நேரம் ஆக ஆக உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். சாதாரணக் காற்றைச் சுவாசித்தால், சேர்ந்ததில் பாதி வெளியேறவே நான்கைந்து மணி நேரம் ஆகும். ஆஸ்பத்திரியில் முகமூடி வைத்து சுத்த ஆக்ஸிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் பாதி இறங்கும். பிள்ளைகள் பெரியவர்களைவிட வேகமாக மூச்சு விடுவதால் அவர்களுக்குச் சீக்கிரம் ஏறும். வயதானவர்கள், இதய நோய் உள்ளவர்கள், ரத்தசோகை உள்ளவர்கள், கர்ப்பிணிகள் எல்லோருக்கும் ஆபத்து கூடுதல். சின்னவன் தூங்கிவிடுகிறான் என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் கவலை தந்தது அதுதான். விழித்திருக்கும் பிள்ளை தலை வலிக்கிறது என்று சொல்லும், அழும். தூங்கும் பிள்ளைக்கு மயக்கம் வந்தாலும் யாருக்கும் தெரியாது.

சிப்காட் விஷயத்துக்கு வருகிறேன். அந்த வழியில் போகிற யாரும் உங்களைப் போலத்தான் நினைப்பார்கள். குடிகாடு, ஈச்சங்காடு பக்கத்து மக்கள் 2004 முதலே ஆலை நாற்றத்தைக் குறித்து வைத்தும், பக்கெட் கருவியில் காற்றைப் பிடித்து ஆய்வுக்கு அனுப்பியும் போராடியவர்கள். ஆகவே அந்தச் சந்தேகம் வீண் சந்தேகம் இல்லை. ஆனால் ஆலை நாற்றத்துக்கும் வண்டிப் புகைக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது சுலபம். உங்கள் வீட்டுக்காரர் வண்டியை மெக்கானிக்கிடம் தனியாக ஓட்டிப்போகும்போது நாற்றம் வந்தால், ஓரமாக நிறுத்திக் கீழே இறங்கிப் பார்க்கட்டும். வெளியே குறைவாகவும் உள்ளே அதிகமாகவும் இருந்தால் ஆலை அல்ல. ஆலப்பாக்கம் தாண்டி, புதுச்சத்திரமும் தாண்டி, பி.முட்லூர் வரை கூடவே வருகிற நாற்றமும் ஆலையுடையது அல்ல. வெள்ளாற்றுப் பாலம் வரை சிப்காட் உங்கள் கூட வராது.

சிப்காட் நாற்றம் என்று நினைத்துக் கண்ணாடியை ஏற்றினீர்கள், ஏசியை உள்காற்றே சுற்றும்படி வைத்தீர்கள். வெளிக்காற்று உள்ளே தள்ளப்படும்போது கேபினுக்குள் கொஞ்சம் அழுத்தம் இருக்கும். அது சின்னச் சின்ன இடுக்குகள் வழியாகக் காற்றை வெளியே தள்ளும். உள்காற்றே சுற்றினால் அந்தத் தள்ளுதல் இல்லை. இடுக்கு வழியாக வந்த புகை வெளியேறாமல் ஏசியோடு சேர்ந்து சுற்றிக்கொண்டே இருக்கும். ஆலைக் காற்றுக்கு அடைத்த கதவு, வண்டிப் புகையை உள்ளேயே பிடித்து வைத்துவிட்டது.

சரி, புகை எங்கிருந்து வருகிறது? வண்டியைப் பார்க்காமல் அடித்துச் சொல்லக் கூடாது. இருந்தாலும் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய இரண்டு வரிகளில் பாதி விடை இருக்கிறது. சைலன்சர் தொங்கி வெல்டிங் வைத்தது ஒன்று, ரிவர்ஸ் கேமரா பொருத்தியது இன்னொன்று.

முன் சீட்டுக்கு அடியில் என்ஜின் இருக்கும் வண்டிகளில், என்ஜினிலிருந்து புகை வெளியேறும் மேனிஃபோல்டு பக்கம் கசிந்தால், முதலில் பாதிக்கப்படுவது ஓட்டுகிறவரும் பக்கத்தில் இருப்பவரும்தான். சீட்டைத் தூக்கினால் தெரியும் என்ஜின் மூடியைச் சுற்றி ஒரு ரப்பர் பீடிங் இருக்கும். அது காய்ந்து விறைத்துப்போனால் புகை நேரே மடிக்கு வரும். உங்கள் விஷயத்தில் முன்னால் இருப்பவர்களுக்கு லேசான கனம், பின்னால் இருப்பவர்களுக்குக் குமட்டலும் வாந்தியும். எனவே கசிவு பெரும்பாலும் பின்பக்கம்: சைலன்சர், அதற்கு அடுத்த டெயில் பைப், டிக்கி கதவு.

ஸ்பீடு பிரேக்கரில் அடிபட்ட வண்டி வெல்டிங் கடைக்கு வந்தால் வழக்கமாக என்ன நடக்கும் தெரியுமா? நசுங்கி வளைந்த டெயில் பைப்பின் கடைசித் துண்டை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தைப் பற்றவைத்து அனுப்பிவிடுவார்கள். சத்தம் நின்றுவிடும், தொங்கலும் போய்விடும், வாடிக்கையாளருக்கும் திருப்தி. ஆனால் பைப்பின் வாய் பம்பருக்கு வெளியே இருந்தது இப்போது தரைத் தகட்டுக்கு அடியிலேயே நின்றுவிடுகிறது. அந்த அரை அடிக்காகத்தான் கம்பெனி அவ்வளவு நீளம் வைத்திருக்கிறது. வாய் உள்ளே அடங்கினால், புகை வண்டியின் வயிற்றுக்கு அடியில் பரவி, கிடைத்த ஓட்டை வழியாக மேலே ஏறும்.

ஓட்டைக்கும் குறைவிருக்காது. கேமரா வயரை உள்ளே கொண்டுவர டிக்கி கதவிலோ பின் தகட்டிலோ துளை போட்டிருப்பார்கள். வயரைச் சுற்றி ரப்பர் வளையம் வைத்து அடைத்தார்களா, அல்லது வயரைக் கதவு இடுக்கிலேயே நசுக்கிக் கொண்டுவந்தார்களா என்று பாருங்கள். வயர் போகிற இடத்தில் பீடிங் தூக்கிக்கொண்டு நிற்கும். வண்டி ஓடும்போது புகையை இழுக்க அந்தச் சின்ன இடைவெளியே போதும்.

அமெரிக்காவில் இதே சிக்கல் பெரிய அளவில் வந்தது. ஃபோர்டு எக்ஸ்புளோரர் வண்டிகளில் புகை உள்ளே வருகிறது என்று புகார்கள் குவிந்து, 2016-ல் அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்புத் துறை விசாரணை தொடங்கியது. 2017-ல் டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரப் போலீஸ் தன் எக்ஸ்புளோரர் ரோந்து வண்டிகளையெல்லாம் ஓரங்கட்டியது. 2023 ஜனவரியில் விசாரணை முடிந்தபோது, வாயு அதிகமாக இருந்த போலீஸ் வண்டிகளில் தெரிந்தது என்ன? விளக்கும் கருவிகளும் மாட்டுவதற்குப் போட்ட துளைகளைச் சரியாக அடைக்கவில்லை. பின்பக்கம் அடிபட்ட வண்டிகளை ஒழுங்காகச் சரிசெய்யவில்லை. கம்பெனி தன் பங்குக்கு, பின் கதவை அடைத்துக் கொடுத்ததோடு, வேகமெடுக்கும்போது ஏசி வெளிக்காற்றை அதிகம் எடுக்கும்படியும் மாற்றியது. அங்கே விளக்குக்குப் போட்ட துளை செய்த வேலையை, உங்கள் வண்டியில் கேமராவுக்குப் போட்ட துளை செய்திருக்கலாம்.

இப்போது உங்கள் மெக்கானிக் சொன்ன யோசனை. பின் கண்ணாடியைத் திறந்துவைப்பது இந்த மாதிரி வண்டிக்குத் தப்பான யோசனை. முதுகு செங்குத்தாக இருக்கும் வண்டி வேகமாகப் போகும்போது, அதற்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்த ஓர் இடம் உண்டாகும். மண் ரோட்டில் போய்வந்தால் டிக்கி கதவு முழுக்கப் புழுதி அப்பிக்கொள்வது இதனால்தான். புழுதியோடு புகையும் அங்கேயே சுழன்று நிற்கும். பின்பக்கக் கண்ணாடியைத் திறந்தால் கேபின் காற்று வெளியே இழுக்கப்பட்டு உள்ளே அழுத்தம் குறையும். அதை ஈடுகட்ட, டிக்கி இடுக்கு வழியாகவும் தரை ஓட்டை வழியாகவும் புகைக்காற்று உள்ளே வரும். டிக்கியை அரைகுறையாகத் திறந்து கட்டிக்கொண்டு கட்டில், பீரோ ஏற்றிப் போகிறவர்களுக்கும் இதே ஆபத்து. மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோயே ஆக வேண்டும் என்றால், உங்கள் வீட்டுக்காரர் தனியாக, முன் கண்ணாடிகள் இரண்டையும் முழுக்க இறக்கி, பின்னால் எல்லாவற்றையும் மூடி, வெளிக்காற்று வரும்படி புளோயரை முழு வேகத்தில் வைத்து, குறைந்த தூரம் ஓட்டிக்கொண்டு போகலாம். கடை வரை போகத்தான் அந்த ஏற்பாடு. கடலூருக்குப் போவதற்கு அல்ல.

புகைச் சான்றிதழைப் பற்றிப் பலரும் தவறாக நினைக்கிறார்கள். அந்தச் சோதனை, டெயில் பைப்பின் வாயில் குழாயை விட்டு, வெளிவரும் புகை ஊரைக் கெடுக்கும் அளவுக்கு மோசமா என்று பார்ப்பது. நடுவழியில் பைப் ஓட்டையா, புகை உள்ளே வருகிறதா என்பதெல்லாம் அதன் வேலை இல்லை. உங்கள் வண்டியின் காலத்துப் பெட்ரோல் வண்டிகளுக்கு அனுமதிக்கப்பட்ட அளவு 0.5 சதவீத கார்பன் மோனாக்சைடு வரை. கணக்குப் போட்டால் பத்து லட்சம் பங்கு புகையில் 5,000 பங்கு, அதாவது 5,000 பிபிஎம். வீட்டுக்குள் ஒரு மணி நேரம் சுவாசிக்கும் காற்றில் இந்த வாயு எவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2010-ல் சொன்ன அளவு ஏறக்குறைய 30 பிபிஎம். பாஸான புகையிலேயே அதைப்போல நூற்றைம்பது மடங்குக்கு மேல் இருக்கலாம்.

ஆக்ஸிமீட்டர் இதைவிட மோசமாக ஏமாற்றும். விரலில் மாட்டும் சாதாரணக் கருவி, ரத்தம் ஒளியை எப்படி உறிஞ்சுகிறது என்பதை வைத்துக் கணக்கிடுகிறது. ஆக்ஸிஜன் ஏறிய ஹீமோகுளோபினும் கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினும் அதற்கு ஏறக்குறைய ஒன்றாகத்தான் தெரியும். ஆபத்தான நிலையில் இருப்பவருக்கும் 98, 99 என்று காட்டும். ஆகவே அந்த 98-ஐ மறந்துவிடுங்கள். இனி எப்போதாவது வண்டியில் இருக்கும்போது யாருக்காவது தலைவலி, குழப்பம், மயக்கம் வந்தால், வண்டியை நிறுத்தி என்ஜினை அணைத்து எல்லோரையும் வெளியே இறக்குங்கள். எழுப்பினால் எழாதவர் இருந்தால் 108-ஐ அழையுங்கள். சிதம்பரம் பக்கம் என்றால் அண்ணாமலை நகர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, கடலூர் பக்கம் என்றால் அரசுத் தலைமை மருத்துவமனை. அங்கே போனதும் "வாந்தி, மயக்கம்" என்று மட்டும் சொல்லாமல் "வண்டிப் புகை உள்ளே வந்தது" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். ரத்தத்தில் கார்பாக்ஸி ஹீமோகுளோபின் அளவைத் தனியாகப் பார்க்க வேண்டும்; காரணம் தெரியாவிட்டால் அந்தச் சோதனை யாருக்கும் தோன்றாது. மறுநாள் போனால் உடம்பிலிருந்து வாயு போயிருக்கும், சோதனையில் ஒன்றும் தெரியாது. மாமியாரை இப்போதே ஒருமுறை டாக்டரிடம் காட்டி, பல மாதமாக இப்படி இருந்தது என்று சொல்லிவிடுவதும் நல்லது.

இனி கசிவைக் கண்டுபிடிக்கும் வழி. உங்கள் வீட்டிலேயே பாதி வேலையைச் செய்யலாம்.

டிக்கி கதவிலிருந்து தொடங்குங்கள். பழைய செய்தித்தாளை விரல் அகலத்துக்குக் கிழித்து, கதவின் பீடிங் மேல் வைத்துக் கதவைச் சாத்தி, தாளை இழுத்துப் பாருங்கள். இறுக்கமாக வந்தால் பீடிங் உயிரோடு இருக்கிறது. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் அடைப்பு இல்லை. நாலு பக்கமும், குறிப்பாகக் கீழ் விளிம்பிலும் கேமரா வயர் பக்கத்திலும் பாருங்கள். பிறகு இரவில், என்ஜின் ஓடாத வண்டிக்குள் ஒருவர் உட்கார்ந்து கதவுகளைச் சாத்திக்கொள்ள, இன்னொருவர் வெளியிலிருந்து டிக்கியைச் சுற்றியும் வண்டிக்கு அடியிலும் டார்ச் அடிக்கட்டும். உள்ளே தரை விரிப்பை எடுத்துவிட்டு உட்கார வேண்டும். வெளிச்சம் தெரிகிற இடமெல்லாம் புகை வரும் வழி. துரு தின்ற தரைத் தகட்டில் ஊசி முனை வெளிச்சம் பல இடத்தில் தெரிந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள்.

அது கடலூர் மாவட்டத்து வண்டிகளின் தலையெழுத்து. உப்புக்காற்று வெளியிலிருந்து தின்னும். 2015 வெள்ளம், 2024-ல் ஃபெஞ்சல் புயலின்போது வந்த வெள்ளம் என்று தண்ணீரில் நின்ற வண்டிகளில் சேறு தரை இடுக்குகளில் தங்கி அரிக்கும். சைலன்சருக்கு உள்ளேயிருந்தும் துரு வரும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் புகையோடு வருகிறது. நீண்ட தூரம் ஓடினால் சூட்டில் வெளியே போய்விடும். பால் வாங்க, பிள்ளையைப் பள்ளியில் விட என்று கீழ வீதியிலிருந்து மேல வீதிக்கு மட்டுமே ஓடும் வண்டியில் சைலன்சர் முழுதாகச் சூடாகாது. தண்ணீர் அதன் அடியில் தேங்கி உள்ளேயே அரித்துவிடும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும், ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டினால் பொத்தென்று சத்தம் வந்து துரு செதில் செதிலாகக் கொட்டும். அப்படிக் கொட்டினால் அதற்கு வெல்டிங் வைக்காதீர்கள். பற்றவைத்த இடத்துக்குப் பக்கத்தில் அடுத்த மாதம் ஓட்டை விழும். மாற்றிவிடுங்கள்.

பைப் கசிவைப் பார்க்கக் கடையில் ஒரு நல்ல வழி இருக்கிறது. என்ஜின் அணைந்து நன்றாக ஆறிய வண்டியின் டெயில் பைப்பில் புளோயரை வைத்துக் காற்றை உள்ளே ஊதிக்கொண்டே, மேனிஃபோல்டு பேக்கிங், முன் பைப், புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்டர், சைலன்சர் இணைப்பு என்று வரிசையாகச் சோப்புத் தண்ணீர் தெளிக்க வேண்டும். பஞ்சர் கடையில் டியூபைத் தண்ணீரில் முக்கிப் பார்ப்பது போலத்தான்; குமிழி வந்த இடம் கசிவு. வண்டி தூக்கும் மேடை உள்ள கடைக்குப் போங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் படுக்க வேண்டாம். இன்னொரு அடையாளம், இணைப்புகளைச் சுற்றிக் கரி படிந்திருப்பது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் 'புஸ் புஸ்' என்று வரும் சத்தம் என்ஜின் சூடானதும் நின்றுவிட்டால், சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். இரும்பு சூட்டில் விரிந்து இடைவெளியைத் தற்காலிகமாக அடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

வேலையை எந்த வரிசையில் செய்வது என்பது முக்கியம். முதலில் பைப், அதன் பிறகுதான் பாடி. புகை வெளியேறும் குழாய் முழுவதும் கசிவில்லாமல், வாய் பம்பருக்கு வெளியே இருக்கும்படி சரியாக வேண்டும். கம்பெனி நீளத்துக்கே டெயில் பைப் போடச் சொல்லுங்கள்; சைலன்சரைப் பிடித்திருக்கும் ரப்பர்களையும் கூடவே மாற்றுங்கள், இல்லையென்றால் ஆடி ஆடி வெல்டிங் மறுபடி விடும். பெட்ரோல் டேங்க் அருகில் இருப்பதால் பைப்பைக் கழற்றி வெளியே வைத்துத்தான் பற்றவைக்க வேண்டும். எம்-சீல், தகரம், கிளாம்ப் வைத்துச் சுற்றும் வேலை அந்தச் சூட்டுக்கு நிற்காது. அதற்குப் பிறகு டிங்கரிங் கடையில் தரை ஓட்டைகளை அடைத்து, டிக்கி பீடிங்கைப் புதிதாகப் போட்டு, கேமரா வயருக்கு ரப்பர் வளையம் வைக்க வேண்டும். என்ஜின் மூடி பீடிங்கையும் இதோடு மாற்றிவிடுங்கள். விலை பெரிதாக இருக்காது. பைப்பை விட்டுவிட்டு ஓட்டைகளை மட்டும் அடைக்கிற கடைக்காரர்கள் உண்டு. நாற்றம் குறையும், அதை நம்பி நீங்களும் ஏறுவீர்கள். நாற்றம் இல்லாத வாயு இன்னொரு ஓட்டை தேடி வந்துகொண்டிருக்கும்.

பெட்ரோல் வாடையே பச்சையாக அடித்தால் அது புகை விஷயம் இல்லை, எரிபொருள் ஹோஸ் விஷயம். அதுவும் உடனே பார்க்க வேண்டியது. டீசல் வண்டிக்காரர்கள் இதைப் படித்துவிட்டு நிம்மதியாக இருக்க வேண்டாம். டீசலில் கார்பன் மோனாக்சைடு குறைவுதான், ஆனால் டீசல் புகை புற்றுநோய் தரக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-ல் அறிவித்திருக்கிறது.

பழுது பார்த்த பிறகு சந்தேகம் இருந்தால், எண்ணால் அளவு காட்டும் கார்பன் மோனாக்சைடு மீட்டர் ஒன்று வாங்கி, பின் சீட்டில் வைத்து, உங்கள் வீட்டுக்காரர் மட்டும் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்க்கட்டும். ஓடும்போது ஓர் அளவு, ரயில்வே கேட்டில் நிற்கும்போது ஓர் அளவு. எண் பூஜ்யத்தை ஒட்டியே இருக்க வேண்டும். வீடுகளுக்கு என்று விற்கும், ஒலி மட்டும் எழுப்பும் அலாரம் இதற்கு உதவாது. 70 பிபிஎம் இருந்தாலும் ஒரு மணி நேரம் போன பிறகே கத்தும்படி அவற்றை அமைத்திருப்பார்கள். புகை அலாரம் என்பது வேறு பொருள், அதை வாங்கிவிடாதீர்கள். மீட்டரை வெயிலில் நிற்கும் வண்டியின் டாஷ்போர்டில் விட்டுவைத்தால் கெட்டுவிடும்.

இன்னொரு பழக்கத்தையும் மாற்றுங்கள். காலையில் வாசலில் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு, "ஏசி குளிரட்டும்" என்று பிள்ளைகளை முதலில் உட்கார வைப்பது பல வீடுகளில் நடக்கிறது. கேட்டலிட்டிக் கன்வெர்டர் சுமார் 300 டிகிரி சூட்டுக்கு வந்த பிறகுதான் வேலை செய்யும். முதல் சில நிமிடங்களில் வரும் புகைதான் இருப்பதிலேயே மோசமானது. எல்லோரும் ஏறிய பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். மூடிய ஷெட்டுக்குள் ஓடவிடவே கூடாது.

கடைசியாக ஆருத்ரா விருந்தாளிகள். ஏசி கேஸ் கசிந்துதான் வண்டிக்குள் ஆட்கள் இறக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்ப வேண்டாம். ஏசி ஓடுவதற்காக ஓடிக்கொண்டிருக்கும் என்ஜினின் புகைதான் வழக்கமாகக் காரணம். 2024 டிசம்பரில் கோழிக்கோடு மாவட்டம் வடகரையில், சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். அங்கே புகை வந்தது என்ஜினிலிருந்து அல்ல, ஏசிக்காக ஓடிய ஜெனரேட்டரிலிருந்து. தரையில் இருந்த ஓட்டை வழியாக மேலே ஏறியிருக்கிறது. கோழிக்கோடு என்.ஐ.டி. வல்லுநர்கள் சோதித்துப் பார்த்தபோது, இரண்டு மணி நேரத்தில் உள்ளே 957 பிபிஎம் சேர்ந்தது. அந்த அளவில் தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார். மார்கழிக் குளிரில் சிதம்பரத்தில் ஏசியே தேவையில்லை. நெரிசலில் வண்டிகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும்போது, உங்கள் வண்டி புதியதாக இருந்தாலும் பக்கத்து வண்டியின் சைலன்சர் உங்கள் கதவைப் பார்த்து நிற்கலாம். என்ஜினை அணைத்துவிட்டு, கண்ணாடியை இறக்கி வைத்துப் படுக்கட்டும். கொசுவுக்கு வலை இருக்கிறது. முடிந்தால் உங்கள் வீட்டுக் கூடத்திலேயே பாய் விரித்துக் கொடுங்கள்.

வெல்டிங் கடையிலிருந்து வண்டியை எடுக்கும்போது, பணம் கொடுப்பதற்கு முன் குனிந்து ஒரு தடவை பாருங்கள். டெயில் பைப்பின் வாய் பின் பம்பரின் விளிம்பைத் தாண்டி வெளியே நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் வேலை முடியவில்லை என்று சொல்லி வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.